வலிமைக்கும் ஒரு கல்வி வேண்டும்

(புனே நகரில் வாழும் தமிழ் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



உடலியங்கியலிலும் வலிமைப் பயிற்சியிலும் முதுநிலைப் படிப்பு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தலைப்பைக் கேட்டவுடன் பெற்றோர் பலரின் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழக்கூடும். "உடற்பயிற்சி செய்வதற்குக்கூடப் பட்டமேற்படிப்பு வேண்டுமா?" என்பது முதல் வினா. "படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?" என்பது இரண்டாவது வினா. இரண்டும் நியாயமானவை. முதல் வினாவுக்கு உறுதியான விடை உண்டு. இரண்டாவது வினாவுக்கோ இன்று பாதி விடைதான் உண்டு. மறுபாதியை அரசும் சமுதாயமும் சேர்ந்து எழுத வேண்டியிருக்கிறது. இவ்விரண்டு விடைகளையும் உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

புனேயின் மரபு

இக்கல்வியைப் பற்றிப் பேசுவதற்குப் புனேயைவிடப் பொருத்தமான நகரம் அரிது. இந்நகரின் பழைய பேட்டைகளில் தாலீம் என்னும் மல்லர் பயிற்சிக் கூடங்கள் தலைமுறை தலைமுறையாக விளங்கி வந்துள்ளன. தமிழ்நாட்டில் நம் முன்னோர் தாலீம்கானா என்று வழங்கிய சொல்லும் இதுவே. நாம் தண்டால் என்றும் பஸ்கி என்றும் கர்லாக்கட்டை என்றும் சொல்பவை அங்கும் வேறு பெயர்களில் பயிலப்பட்டன. மல்லகம்பம் என்னும் கலைக்குப் புத்துயிரளித்தவர் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் அவையைச் சேர்ந்த பாலம்பட்டதாதா தேவ்தர் என்பது மகாராட்டிர மரபு.

பழைய பயிற்சி அறிவியலோடு கைகோத்த ஆண்டு என்று 1924ஐக் குறிப்பிடலாம். அவ்வாண்டில்தான் கேப்டன் சிவராம்பந்த் தாம்லே புனேயில் மகாராட்டிரிய மண்டலத்தை நிறுவினார். அதே ஆண்டில்தான் புனே மாவட்டத்து லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமத்தைத் தொடங்கினார். ஆசனங்களும் பிராணாயாமமும் உடலில் என்ன செய்கின்றன என்பதை எக்ஸ்-கதிர்ப் படத்தாலும் இரத்த அழுத்த அளவீட்டாலும் கண்டறிய முற்பட்டவர் அவர். தம் ஆய்வுகளை வெளியிட 'யோக மீமாம்சா' என்னும் இதழையும் அவ்வாண்டிலேயே தொடங்கினார். நம்பிக்கையால் ஏற்கப்பட்ட ஒன்றை அளவுகோலின் முன் கொண்டுவந்து நிறுத்தும் துணிவு அவரிடம் இருந்தது. அத்துணிவே உடலியங்கியல் என்னும் துறையின் உயிர்நாடி.

பின்னர், 1948இல் இங்குப் படைத்துறை மருத்துவக் கல்லூரி அமைந்தது. மகாராட்டிரிய மண்டலத்தின் சார்பில் 1977இல் சந்திரசேகர் அகாசே உடற்கல்விக் கல்லூரி தோன்றியது. 1994இல் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பாலேவாடி விளையாட்டு வளாகம் எழுந்தது. 2008இல் அங்கேயே காமன்வெல்த் இளைஞர் போட்டிகள் நடைபெற்றன. 2001இல் தரைப்படை விளையாட்டு நிறுவனம் இந்நகரில் நிறுவப்பட்டது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் பன்னாட்டு விளையாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கான சட்டத்தை மகாராட்டிரச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலப் பதக்கம் வென்ற கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலேயும் பாலேவாடியில் பயிற்சி பெற்றவரே.

தமிழகத்துக்கும் இதில் மூத்த பங்கு உண்டு. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நம் நாட்டு உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக்கு முன்னோடி. உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை அமைக்க 2004இல் சட்டமியற்றிய மாநிலமும் தமிழ்நாடே.

இளவட்டக்கல் கற்பிக்கும் பாடம்

"உடற்பயிற்சிக்குப் படிப்பு எதற்கு?" என்னும் வினாவுக்கு இப்போது வருவோம். நம் கிராமங்களில் கோயில் முன்றிலிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ இளவட்டக்கல் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். வழுவழுப்பான உருண்டைக் கல். அதைத் தூக்கித் தோளுக்கு மேல் எறியும் இளைஞனை ஊர் பாராட்டும். அக்கல் வலிமையைச் சோதிக்கும் நல்ல கருவி. ஆனால் அதனைத் தூக்க முடியாதவன் எவ்வாறு தூக்க வல்லவனாவது என்பதை அக்கல் சொல்லாது. அதன் எடை மாறுவதில்லை. இன்று அசைக்க முடியாதவனுக்கு இன்று ஏற்ற எடை எது, அடுத்த வாரம் எது, எத்தனை முறை தூக்க வேண்டும், எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்பனவற்றை வகுத்துச் சொல்வதே பயிற்சி அறிவியல்.

இவ்வறிவு மருத்துவமனையில் வளர்ந்தது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கால்களில் காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களுக்குத் தாமஸ் டிலார்ம் என்னும் மருத்துவர் எடைகளைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சியளித்தார். காயமுற்ற காலுக்கு இலேசான அசைவே போதும் என்றிருந்த வழக்கத்துக்கு மாறாக, தசைக்குத் தாங்கக்கூடிய உயர்ந்த சுமையைக் கொடுத்து, வலிமை கூடக் கூடச் சுமையையும் கூட்டினார். 1945இல் அவர் இம்முறையை வெளியிட்டார். இன்று உலகெங்கும் எடைப் பயிற்சிக் கூடங்களில் வழங்கும் "பத்து முறை, மூன்று சுற்று" என்னும் கணக்கு அம்மரபிலிருந்து வந்ததே.

சுமை கூட வேண்டும். எதற்குப் பயில்கிறோமோ அதற்கேற்ற பயிற்சி வேண்டும். நிறுத்தினால் பெற்றது குறையும். ஓய்வில்தான் உடல் வளரும். இந்நான்கு கொள்கைகளையும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் இருபது வயது ஓட்டக்காரிக்கும், அறுபது வயது நீரிழிவாளருக்கும், முழங்கால் அறுவை முடிந்த காவலருக்கும் அவற்றைப் பொருத்திக் காட்டுவதற்கு இரண்டாண்டுப் படிப்பும் போதாது.

பாடத்திட்டத்தின் உள்ளே

முதுநிலைப் படிப்பில் என்ன கற்பிக்கப்படுகிறது? பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடங்களின் பெயர் மாறலாம். உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றே. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவை அடித்தளம். அதன்மேல் இயக்கத்தின் இயற்பியல், ஊட்டச்சத்து, காயத் தடுப்பு, உளவியல், புள்ளியியல் ஆகியவை எழும். இறுதியில் மாணவர் தாமே ஓர் ஆய்வை மேற்கொண்டு ஆய்வேடு எழுத வேண்டும்.

ஆய்வகத்தில் ஒரு காட்சியை விவரிக்கிறேன். டிரெட்மில் பொறியின் மீது ஓர் இளைஞர் ஓடுகிறார். முகத்தில் பொருத்திய மூடியின் வழியாக அவர் உள்வாங்கும் காற்றும் வெளிவிடும் காற்றும் அளக்கப்படுகின்றன. பொறியின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் வேகம் கூடினாலும் அவர் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு கூடுவதில்லை. அதுவே அவரது உச்ச ஆக்சிஜன் கொள்ளளவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்துக்கு, பயிற்சியற்ற இளைஞருக்கு அது சுமார் 40 மில்லிலிட்டர் இருக்கலாம்; உலகத்தரத்து நெடுந்தொலைவு ஓட்டக்காரருக்கு 70ஐத் தாண்டும். இவ்வெண் இதயம், நுரையீரல், இரத்தம், தசை ஆகிய நான்கும் சேர்ந்து எழுதிய மதிப்பெண் பட்டியல். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து லாக்டேட்டின் அளவைப் பார்த்தால், எந்த வேகம் வரை அவர் நெடுநேரம் ஓடவல்லவர் என்பதும் புலனாகும்.

வலிமைப் பயிற்சியிலும் இத்தகைய நுட்பங்கள் உள்ளன. எடை தூக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் வலிமை விரைவாகக் கூடும். தசையோ கண்ணுக்குத் தெரியும்படி பருக்காது. அப்போது கூடுவது பெரும்பாலும் நரம்பின் திறமை. தசை நார்களை ஒருங்கே ஏவக் கற்றுக்கொள்கிறது நரம்பு மண்டலம். தசை பருப்பது அதன்பின் மெல்ல நிகழ்வது. இதை அறியாத இளைஞர், "இரண்டு மாதமாகியும் உடம்பு ஏறவில்லையே" என்று சோர்ந்து, யாரோ கொடுக்கும் ஊசிக்கோ மாத்திரைக்கோ இரையாகிறார். பாடநூலில் ஒரு பக்கம் படித்த பயிற்றுநர் அருகில் இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார்.

புனேயின் கிராமங்கள் சொல்லும் செய்தி

இனி, இக்கல்வி விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இந்நகரே தந்த சான்றுக்கு வருகிறேன். புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் 1993இல் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக்கும் அவர்தம் குழுவினரும் தாய்மார்களின் ஊட்டம் பற்றிய நெடிய ஆய்வொன்றைத் தொடங்கினர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கோ சுமார் 3.5 கிலோ. நம் குழந்தைகள் மெலிந்தவை என்பது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறொன்று: நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது தசையும் உள்ளுறுப்புகளும், தோலுக்கடியில் உள்ள கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே ஒப்பளவில் மிகுந்த கொழுப்பு! 'மெலிந்த பருமன்' என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

2004இல் 'லான்செட்' இதழில் யாஜ்ஞிக்கும் இலண்டன் அறிஞர் ஜான் யட்கினும் தங்களையே சான்றாக வைத்து ஒரு குறிப்பு வெளியிட்டனர். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியெண் ஒன்றே: 22.3. மருத்துவ அட்டவணைப்படி இருவரும் சரியான எடையினர். ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்ஞிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடைக்கருவி இருவரையும் ஒன்றெனச் சொன்னது. உடலமைப்போ வேறாக இருந்தது.

இதனால் விளைவது என்ன? உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்று வைத்துக்கொள்ளும் களஞ்சியம் நம் எலும்புத் தசைகளே. களஞ்சியம் சிறிதானால் விளைச்சல் தெருவில் கிடக்கும். அதுபோலத் தசை குறைந்தவர் இரத்தத்தில் சர்க்கரை தங்குகிறது. தசை சுருங்கி இயங்கும்போது இன்சுலினின் துணையின்றியே சர்க்கரையை உள்ளிழுக்கும் வழியொன்றும் அதற்குண்டு. ஆகவே, உழைக்கும் தசை நீரிழிவுக்கு எதிரான ஓர் அரண்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10.1 கோடி, அதன் வாயிலில் நிற்போர் சுமார் 13.6 கோடி. 2024இல் வெளியான உலகளாவிய கணக்கொன்று, இந்திய வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலியக்கமின்றி வாழ்கின்றனர் என்றும், பெண்களிடையே இக்குறை ஆண்களைவிட மிகுதி என்றும் தெரிவித்தது. மெலிந்த பருமனோடு பிறந்து, அசையாத வாழ்வை மேற்கொள்ளும் சமுதாயத்துக்கு, தசையை வளர்க்கும் கல்வி ஆடம்பரமா? நாட்டின் மருத்துவச் செலவைக் குறைக்கும் முதலீடு அது என்பேன்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

"எங்கள் பாட்டி நாள் முழுதும் வயலில் உழைத்தாள்; அவளுக்கு ஏது பயிற்சி?" என்று கேட்பவர் உண்டு. அதே புனே கிராமங்கள் அதற்கும் விடை தருகின்றன. கருவுற்ற காலத்தில் வயல் வேலை, தண்ணீர் சுமத்தல் முதலிய கடின உழைப்பு மிகுந்திருந்த தாய்மாரின் குழந்தைகள், எடை குறைந்து பிறந்தன என்று அவ்வாய்வு கண்டது. உழைப்பு சுமையைத் தருகிறது. அளவையோ ஓய்வையோ உணவையோ தருவதில்லை. அளவும் ஓய்வும் உணவும் சேர்ந்தால்தான் சுமை பயிற்சியாகும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஆக்சிஜனைச் சுமந்து செல்வது இரத்தத்தின் ஹீமோகுளோபின். அது குறைந்த சிறுமி ஓட்டத்தில் பின்தங்கினால், "சோம்பேறி" என்று அவளை அதட்டி மேலும் இரண்டு சுற்று ஓடச் சொல்லும் வழக்கம் நம் பள்ளி மைதானங்களில் இல்லாமல் இல்லை. உடலியங்கியல் கற்றவர் அவளை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரத்தத்தைச் சோதிக்கச் செய்வார்; இரும்புச்சத்து மாத்திரைக்கும் கீரைக்கும் பருப்புக்கும் வழிகாட்டுவார்; அதன்பின் ஓடச் சொல்வார். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இக்கல்வி வேண்டும் என்று கூறத் துணிவேன்.

ஊட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். எடைப் பயிற்சிக்குச் செல்லும் இளைஞர் வீட்டுச் செலவில் பெரும்பகுதியைப் புரதப் பொடி விழுங்கிவிடுவதைப் பெற்றோர் அறிவர். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகள், உடல் வளர்க்கப் புரதப் பொடிகளைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தின. பருப்பு, கடலை, பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றைச் சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்துச் சேர்த்துக்கொள்ளக் கற்பிப்பதும் பயிற்றுநரின் கடமையே.

முதுமையும் ஊனமும்

வலிமைப் பயிற்சி இளைஞருக்கே உரியது என்னும் எண்ணமும் மாற வேண்டும். 1990இல் அமெரிக்காவில் முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் சிலருக்கு எட்டு வாரங்கள் முறையான எடைப் பயிற்சி அளித்தனர். அவர்களது கால் தசை வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது, நடையும் தேறியது. முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஒரு குடும்பம் படும் பாட்டை நாம் அறிவோம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும் வலிமையைக் காத்துத் தருவது அக்குடும்பத்துக்குச் செய்யும் பேருதவி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு நெறிகளும், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் மேற்கொள்வதோடு, குறைந்தது இரண்டு நாள் தசை வலிமைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கின்றன. நடைப்பயிற்சியை நம் மக்கள் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டனர்; அறிவுரையின் இரண்டாம் பாதி இன்னும் அவர்களைச் சென்றடையவில்லை.

இந்நகருக்கு நெருக்கமான ஒரு பெயரை இங்கு நினைவுகூர வேண்டும். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுக் காயங்களால் இடுப்புக்குக் கீழ்ச் செயலிழந்த படைவீரர் முரளிகாந்த் பேட்கர், சிகிச்சையின் ஒரு பகுதியாக நீச்சலை மேற்கொண்டார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நடந்த மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். நாட்டின் பத்மஸ்ரீ விருது அவருக்கு 2018இல்தான் வழங்கப்பட்டது. புனேயின் கட்கிப் பகுதியில் முதுகுத்தண்டுக் காயமுற்ற படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றும் உள்ளது. எஞ்சிய தசைகளைக் கொண்டு எஞ்சிய வாழ்வை முழுமையாக்க முடியும் என்பதற்குப் பேட்கரை விடச் சிறந்த பாடம் எந்த நூலில் உண்டு?

பணியிடங்கள் எங்கே?

இனி இரண்டாவது வினா. படித்து வருவோருக்கு இடமெங்கே? தொழில்முறைக் கிரிக்கெட், கால்பந்து, கபடி அணிகளில் சில இடங்கள். படைத்துறை, ரயில்வே போன்ற நிறுவனங்களின் விளையாட்டுப் பிரிவுகளில் சில. தனியார் மருத்துவமனைகளில் சில. கல்லூரி ஆசிரியப் பணியில் சில. மற்றவர்கள் நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்கின்றனர். அங்கு, மூன்று வாரச் சான்றிதழ் பெற்றவரும் இரண்டாண்டு முதுநிலை முடித்தவரும் ஒரே சட்டையணிந்து ஒரே ஊதியம் பெறும் நிலை உண்டு. உறுப்பினர் யாரிடம் தம் முதுகெலும்பை ஒப்படைக்கிறார் என்பதை அவரே அறியார்.

இந்நிலை மாற நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, மாவட்ட மருத்துவமனைகளிலும் அடிமட்டச் சுகாதார மையங்களிலும் உள்ள தொற்றா நோய்ப் பிரிவுகளில் உடற்பயிற்சி வல்லுநருக்கு ஒரு பணியிடம் வேண்டும். "நடங்கள், எடையைக் குறையுங்கள்" என்று மருத்துவர் ஒரு வரியில் சொல்வதை, எப்படி, எவ்வளவு, எப்போது என்று நோயாளியின் நிலைக்கேற்ப வகுத்துத் தருபவர் இன்று பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் இல்லை.

இரண்டாவதாக, பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறைகளில் உடலியங்கியல் புத்தறிவுப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். அவர்கள் நம் நாட்டில் ஏற்கெனவே உள்ள பெரும்படை. புதுப்படை திரட்டுவதைவிட இருப்பதைக் கூர்மையாக்குவது எளிது.

மூன்றாவதாக, உடற்பயிற்சிக் கூடங்களில் பணிபுரிவோரின் குறைந்த அளவுத் தகுதியை வரையறுத்து, அதனைப் பொதுமக்கள் காணும்படி சுவரில் எழுதிவைக்கச் செய்ய வேண்டும். ஊக்கமருந்து தடுப்புக்கென 2022இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அது போட்டியிடும் வீரர்களைக் கருதியது. போட்டியிடாமலேயே ஊசி போட்டுக்கொள்ளும் தெருமுனை இளைஞனைக் காப்பது பயிற்சிக் கூடத்தின் ஒழுங்குமுறையே.

நான்காவதாக, ஆராய்ச்சி நம் மண்ணிலும் நம் மொழிகளிலும் வேர்விட வேண்டும். பாடநூல்களில் உள்ள அளவீடுகளும் அட்டவணைகளும் மிகுதியும் மேலைநாட்டு உடல்களிலிருந்து பெறப்பட்டவை. கபடியில் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிரணிக்குள் புகுபவரின் இதயத் துடிப்பு, கோகோ ஆட்டத்தில் உட்கார்ந்து எழுந்து பாயும் பெண்ணின் முழங்கால் மீது விழும் விசை, கரும்பு வெட்டும் தொழிலாளியின் முதுகு, இருபது கிலோ தலைச்சுமை தூக்கும் பெண்ணின் கழுத்து ஆகிய இவையெல்லாம் ஆய்வேடுகளுக்குரிய பொருள்கள். 1953இல் இலண்டன் மருத்துவர் ஜெரி மாரிஸ், மாடிப் பேருந்தில் அமர்ந்தே பணியாற்றும் ஓட்டுநரையும், நாள் முழுதும் படியேறி இறங்கும் நடத்துநரையும் ஒப்பிட்டு, ஓட்டுநரிடையே இதய நோய் மிகுதி என்று காட்டினார். விலையுயர்ந்த கருவி எதுவும் அவர் ஆய்வின் மையத்தில் இல்லை; கூர்ந்த கண்ணே இருந்தது. பேருந்துகளுக்கும் நடத்துநர்களுக்கும் நம் நாட்டில் பஞ்சமில்லை.

மாணவர்களுக்கு

இப்படிப்பில் சேர எண்ணும் மாணவர்கள், கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சில வினாக்களைக் கேளுங்கள். பட்டம் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தினுடையதா? ஆய்வகக் கருவிகளை மாணவர் தம் கையால் இயக்க வாய்ப்புண்டா? மருத்துவமனையிலும் விளையாட்டு அணியிலும் களப்பயிற்சி உண்டா? ஆய்வேட்டை வழிநடத்த ஆசிரியர்கள் இருக்கிறார்களா? இவற்றுக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் கட்டணம் செலுத்தாதீர்கள்.

அறிவியல் பட்டம் பெற்றவர்கள் மைதானத்துக்கு அஞ்ச வேண்டாம். உடற்கல்விப் பட்டம் பெற்றவர்கள் வேதியியலுக்கு அஞ்ச வேண்டாம். இருவரும் சந்திக்கும் இடமே இத்துறை. உங்கள் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். நெஞ்சுவலியுடன் வருபவரையும் மூட்டு நழுவியவரையும் மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்தவரே நல்ல பயிற்றுநர். மராட்டியத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், புனே கிராமத்து மூதாட்டியிடம் ஆங்கிலத்தில் உடலியங்கியல் பேச முடியாது. கற்றதைத் தமிழில் எழுதுங்கள். திருநெல்வேலிப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் அதைப் படிக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்துறையை விரும்பினால், ஆய்வகமும் களமும் உள்ள இடத்தில் சேர்த்துவிடுங்கள். உறுதியான அரசுப் பணி இன்றே காத்திருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பணியிடங்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அக்குரலை இத்துறை மாணவர்கள் மட்டும் எழுப்பினால் போதாது, நீரிழிவாளரும் முதியோரும் வீராங்கனைகளின் தாய்மாரும் சேர்ந்து எழுப்ப வேண்டும்.

உடல் வலிமையைத் தனி மனிதனின் பெருமையாகவே நெடுங்காலம் கருதி வந்தோம். இளவட்டக்கல்லைத் தூக்கியவனை ஊர் கொண்டாடியது. தூக்க முடியாதவனைப் பற்றி ஊர் கவலைப்படவில்லை. தூக்க முடியாத கோடிக்கணக்கானவர்களைப் பற்றிக் கவலைப்படுவதே திட்டமிட்ட வளர்ச்சியை நாடும் ஒரு நாட்டின் கடமை. அக்கடமையைச் செய்ய அறிவும் பொறுமையும் உடைய இளைஞர்கள் தேவை. அவர்களுள் சிலர் இக்கூட்டத்திலிருந்தும் புறப்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.